அத்தியாயம் 5: ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானமும் சனிக்கிழமைச் சம்பளமும்

சமயநல்லூர், பரவை, தேனூர் பக்கம் கட்டட வேலை பார்க்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். மறுநாள் காலை கோயில். பிரசங்கம் நெஞ்சைத் தொட்டு, "ஆண்டவரே, இனி தொடமாட்டேன்" என்று கண்ணீரோடு தீர்மானம் எடுப்பது அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான். திங்கள், செவ்வாய் அது தாக்குப்பிடிக்கும். வியாழக்கிழமை லேசாக ஆட்டம் காணும். சனிக்கிழமை ஆறு மணிக்குக் கையில் பணம், உடம்பெல்லாம் அலுப்பு, பக்கத்தில் கூட்டாளி. "வாங்கண்ணே, ஆளுக்கு ஒரு கட்டிங்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், கால் கடைப் பக்கம் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை எடுத்த தீர்மானத்தில் பொய் ஏதும் இல்லை. தேவைப்பட்ட நேரத்தில் அது கைக்கு எட்டவில்லை.

அந்த ஆறு மணிக்கு விசுவாசம் கைக்கு எட்டும்படி எப்படி ஏற்பாடு செய்துகொள்வது என்பதுதான் இந்த அத்தியாயம். உதாரணங்கள் பெரும்பாலும் குடியைப் பற்றியவை. நம் வீடுகளை அதிகம் உடைப்பது அதுதான். பீடி, சிகரெட், உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலம், போனில் பணம் கட்டி ஆடும் சீட்டு, ராத்திரி போர்வைக்குள் பார்க்கும் ஆபாசப் படம், வாயைத் திறந்தாலே வரும் கெட்ட வார்த்தை, இவற்றுக்கும் இதே வழிதான். ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும் இதில் உங்களால் செய்ய முடியாதது எதுவும் இல்லை.

அடிப்படையாகச் சொல்ல வருவது ஒன்று. கெட்ட பழக்கம் ஒளிவில்தான் வளர்கிறது. தன்னைத்தானே சோதிப்பது, பாவத்தை அறிக்கையிடுவது, நோன்பிருப்பது, சபையாகக் கூடுவது என்று கிறிஸ்தவ மரபு சேர்த்து வைத்திருக்கும் கருவிகள் எல்லாமே அந்த ஒளிவிடத்தை இடிக்கிற கருவிகள். பழக்கத்தை விடுவதற்குப் பலம் கேட்டு நாம் ஜெபிக்கிறோம். அதை மறைக்காமல் இருக்கத் தைரியம் கேட்டு ஜெபிப்பது அபூர்வம். இந்த இரண்டாவது ஜெபத்திலிருந்து தொடங்குங்கள்.

தினமும் குடிப்பவர் முதலில் படிக்க வேண்டியது

பல வருஷமாகத் தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குகிறது என்று குடித்தே அதை நிறுத்துபவர், வீட்டில் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆள் வாசலில் நிற்பதாகச் சொல்வார்கள், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது. இது உயிருக்கே ஆபத்தான நிலை.

நம் ஊர்களில் இதைப் பார்த்ததும் "பிசாசு புறப்படுகிறது" என்று சொல்லி, கதவைச் சாத்திக் கூட்டமாக ஜெபிக்கிற வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். இது சாராயம் திடீரென்று நின்றதால் மூளைக்கு வரும் கோளாறு, மருந்தால் சரியாகும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ வேறு நல்ல மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோங்கள். ஜெபம் ஆம்புலன்ஸிலும் செய்யலாம்.

அதேபோல், குடியை விட வேண்டும் என்று மூன்று நாள் சாப்பாடு இல்லாமல் உபவாசம் போடுவதும் கூடாது. நாள்பட்ட குடிகாரர் உடம்பில் பி1 வைட்டமின் ஏற்கெனவே வற்றியிருக்கும். அதனால்தான் டாக்டர்கள் முதலில் அந்த ஊசியைப் போடுகிறார்கள். இந்த நேரத்தில் பட்டினி கிடந்தால் நினைவாற்றலே கெட்டுப்போகலாம். சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் பவுல் வைத்தியன் என்றே அழைக்கிறார். மருந்து சாப்பிடுவதை அவிசுவாசமாக எண்ண வேதத்தில் இடமில்லை.

மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்புக்கு 14446, புகையிலையை விட 1800 11 2356. மூன்றும் அரசின் இலவச எண்கள்.

மோனிக்காவின் முதல் வாய்

பழக்கம் எப்படிப் பிடிக்கிறது என்று புரிந்துகொள்ள, 1,600 வருஷத்துக்கு முந்தைய ஒரு வீட்டுக்குள் போகலாம். புனித அகுஸ்தினார் தன் வாழ்க்கையைக் கடவுளிடம் அறிக்கையிடுவதாக எழுதிய நூலில், தன் தாய் மோனிக்காவின் சிறுவயதுக் கதை ஒன்றைச் சொல்கிறார். நாம் மோனிக்காவைக் கண்ணீர் விட்டு மகனுக்காக ஜெபித்த தாயாகத்தான் அறிவோம். அந்தத் தாய்க்கும் ஒரு காலத்தில் திருட்டுக் குடி இருந்தது.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் அவர்கள் வீடு. பீப்பாயிலிருந்து திராட்சை மது மொண்டு வரச் சிறுமி மோனிக்காவை அனுப்புவார்கள். குடத்தில் ஊற்றுமுன் உதட்டு நுனியால் ஒரு சொட்டு உறிஞ்சிப் பார்ப்பாள். ருசிக்காக அல்ல, அதற்கு மேல் குடிக்க அவளுக்கே பிடிக்கவில்லை. வெறும் சிறுபிள்ளைக் குறும்பு. ஆனால் இன்று ஒரு சொட்டு, நாளை இன்னொரு சொட்டு என்று போய், கடைசியில் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டில் கண்டிப்பான ஒரு வயதான பணிப்பெண் இருந்தாள். சாப்பாட்டு வேளை தவிரத் தண்ணீர்கூடக் குடிக்கவிடாத கண்டிப்பு. அப்படிப்பட்டவள் கண்ணிலும் இது படவில்லை.

நிறுத்தியது யார்? கூடப்போகும் வேலைக்காரப் பெண். ஒருநாள் இருவருக்கும் வாய்ச்சண்டை. கோபத்தில் அவள், 'குடிகாரி' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். சுருக்கென்று பட்டது. அன்றோடு மோனிக்கா விட்டுவிட்டாள்.

இந்தக் கதையில் இரண்டு பாடம். ஒன்று, பழக்கம் பெரிய ஆசையோடு வருவதில்லை. ஒரு இடம், ஒரு நேரம், ஒரு தனிமை என்று சேர்ந்து வருகிறது. இரண்டாவது, கண்டிப்பு சாதிக்காததை வெளிச்சம் சாதித்தது. வேலைக்காரப் பெண் எந்தப் புத்திமதியும் சொல்லவில்லை. ஒளிந்திருந்ததை வாய்விட்டுச் சொன்னாள். அன்போடு சொல்லவுமில்லை என்று அகுஸ்தினாரே குறிப்பிடுகிறார். வைது சொன்னதே இவ்வளவு வேலை செய்ததென்றால், அன்புள்ள ஒருவர் முன்னால் நாமாகவே வாய் திறந்து சொன்னால் எவ்வளவு செய்யும்!

எல்லோருக்கும் மோனிக்காவைப்போல ஒரே நாளில் நின்றுவிடாது. அவள் மகனுக்கே நிற்கவில்லை. தன் பழக்கத்தைச் சங்கிலி என்கிறார் அகுஸ்தினார். ஆசைக்கு இடம் கொடுத்தால் பழக்கம், பழக்கத்தை எதிர்க்காவிட்டால் கட்டாயம் என்று வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக் காட்டுகிறார். செய்ய விரும்புவதைச் செய்யாமல், வெறுப்பதையே செய்கிறேனே என்று பவுல் ரோமர் 7இல் புலம்புவதும் இந்த நிலையைத்தான். அப்போஸ்தலனுக்கே இந்தப் போராட்டம் இருந்தது என்றால், உங்களுக்கு இருப்பது விசுவாசக் குறைவின் அடையாளம் ஆகாது.

கருவி ஒன்று: புள்ளி வைக்கும் நோட்டு

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, பின்னால் வந்த அருளானந்தர், வீரமாமுனிவர் எல்லோரும் இயேசு சபைத் துறவிகள். அந்தச் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், குண்டடிபட்டுக் கால் உடைந்து படுக்கையில் மனம் திரும்பிய போர்வீரர். அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலுக்கு 1548இல் திருத்தந்தை ஒப்புதல் கொடுத்தார். அதில் ஒரே ஒரு குறையைக் குறிவைத்து ஒழிக்க ஒரு முறை சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

காலையில் எழுந்ததும், எந்தப் பழக்கத்தை விட வேண்டுமோ அதை மட்டும் பெயர் சொல்லி, "இன்று இதிலிருந்து என்னைக் காத்துக்கொள்ளும்" என்று கேட்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எழுந்ததிலிருந்து அதுவரை மணி மணியாக நினைத்துப் பார்த்து, எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளியை ஒரு கோட்டில் வைக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது கோட்டில் அதேபோல். பிறகு மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும், நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். பகலில் தவறும் ஒவ்வொரு தடவையும் கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளவும் சொல்கிறார். கூட்டத்துக்கு நடுவில் செய்தாலும் யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் ஆண்டவருக்கும் தவிர.

குடி, புகை போன்றவற்றுக்கு நான் இதில் ஒன்று சேர்த்துச் சொல்வேன். விழுந்த தடவைக்கு முழுப் புள்ளி. ஆசை எழுந்து, விழாமல் கடந்த தடவைக்கு ஒரு சின்ன வட்டம். பீடி குடிக்கிற ஒரு கொத்தனாரின் நோட்டு முதல் வாரம் இப்படி இருக்கும்:

திங்கள்: மதியம் ● ● ● ● ○ / இரவு ● ● ● ● ●
புதன்: மதியம் ● ● ● ○ ○ / இரவு ● ● ● ● ○
வெள்ளி: மதியம் ● ○ ○ ○ / இரவு ● ● ○ ○
சனி: மதியம் ● ○ ○ / இரவு ● ● ● ● ● ●

இதைப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். வெள்ளிக்கிழமை, புதனைவிட நாலு முழுப் புள்ளி குறைந்து வட்டங்கள் கூடியிருக்கின்றன. அதாவது அவர் கண்ணுக்குத் தெரியாமல் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். நோட்டு இல்லாவிட்டால் இந்த ஜெயம் அவருக்கே தெரியாது. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்றுதான் நினைத்திருப்பார். இன்னொன்று, அவருக்கு ஆபத்தான இடம் சனிக்கிழமை இரவு. இனி அவர் எல்லா நேரத்திலும் போராட வேண்டியதில்லை; அந்த ஒரு ராத்திரிக்கு ஏற்பாடு செய்தால் போதும்.

நோட்டில் இரண்டு கட்டளை. ஒரு நேரத்தில் ஒரே பழக்கம். குடி, புகை, கோபம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் மூன்றாம் நாளில் நோட்டு பரண் ஏறிவிடும். இன்னொன்று, பொய்ப் புள்ளி வைக்கக் கூடாது. ஆண்டவருக்குத் தெரியாத கணக்கு எதுவும் அதில் இல்லை.

கருவி இரண்டு: ஒருவரிடம் சொல்வது

ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறார் யாக்கோபு (5:16). ஆர்.சி.யில் இதற்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. அங்கே சொன்னது சாமியாரோடு போய்விடும். எந்தக் காரணத்துக்காகவும் அவர் அதை வெளியே சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். சி.எஸ்.ஐ.யில் ஐயரிடமும், மற்ற சபைகளில் பாஸ்டரிடமும் தனியாகப் பேசலாம். அதோடு, வாரம் முழுக்கக் கூப்பிடக்கூடிய ஒரு சபை நண்பரும் வேண்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். உங்களுக்குக் கடன் கொடுத்தவர் வேண்டாம். சம்பந்தி வீட்டார் வேண்டாம். முக்கியமாக, கேட்ட விஷயத்தை ஜெபக் குறிப்பாக்கிச் சொல்பவர் வேண்டாம். "நம்ம தம்பிக்காக ஜெபம் பண்ணுங்க, பாவம், மறுபடியும் ஆரம்பிச்சுட்டாராம்" என்று புதன்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னால், வியாழக்கிழமை அது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருக்கும். சபையில் இந்த ஒரு பயத்தால்தான் பலர் வாயே திறப்பதில்லை.

எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு மாதிரி:

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வேற யாருக்கும் தெரிய வேணாம். நான் வாரத்துல மூணு நாள் குடிக்கிறேன். வீட்டுல ஒரு நாள்னு சொல்லி வெச்சிருக்கேன். விடணும்ணே. சனிக்கிழமை அஞ்சரைக்கு எனக்கு ஒரு போன் போடுவீங்களா?"

இதில் அளவு இருக்கிறது, பொய் இருந்த இடம் தெரிகிறது, கேட்கும் உதவியும் திட்டமாக இருக்கிறது. 'எனக்காக ஜெபியுங்கள்' என்று மட்டும் சொன்னால் அவர் கட்டாயம் ஜெபிப்பார். ஆனால் சனிக்கிழமை அஞ்சரைக்குப் போன் வராது.

கேட்பவருக்கும் ஒரு வார்த்தை. முகம் சுளிக்காதீர்கள், வசனம் எடுத்துவிடாதீர்கள். "சொன்னதுக்கு நன்றிப்பா, அஞ்சரைக்குக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, அஞ்சரைக்குக் கூப்பிடுங்கள்.

குடி நோயாளிகளுக்கு இதே வழியில் ஏ.ஏ. என்ற அமைப்பு இருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியில் சிக்கிய ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டாக்டரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில், ஒருவர் முன்னால் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் செய்த தீங்கைச் சரிசெய்வதும் வழக்கம். அதிலிருந்துதான் ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகள் உருவாயின. இன்று எந்த மதத்தாரும் அதில் சேரலாம், கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் தேவாலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும் கூட்டம் நடக்கிறது. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு.

கருவி மூன்று: காலி இடத்தில் ஆளை வைப்பது

வீட்டைவிட்டுப் போன அசுத்த ஆவி திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கி, ஜோடித்து, காலியாக இருக்கிறது. இன்னும் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு குடிவந்துவிடுகிறது. மத்தேயு 12இல் இயேசு சொன்ன இந்தக் கதையைக் குடியை விட்ட ஒவ்வொருவரும் வாழ்ந்து பார்த்திருப்பார்கள். விட்டது சரி, விட்ட நேரத்தில் என்ன செய்வது?

அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் கூலித்தொழிலாளி மாட் டால்பட் இதற்கு நல்ல வழிகாட்டி. 1856இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடிக்கு அடிமை. ஒருமுறை குடிக்கக் காசில்லாமல், பிச்சை எடுத்துப் பிழைத்த ஒருவரின் பிடிலைத் திருடி விற்றார். 1884இல் ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் வேலை இல்லாததால் கையில் காசில்லை. சம்பளம் வாங்கி வரும் கூட்டாளிகள் யாராவது வாங்கித் தருவார்கள் என்று கடைக்கு வெளியே நின்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்த் தாயிடம், குடியை விடப் பிரமாணம் எடுக்கப் போகிறேன் என்றார். எடுத்தது ஆயுள் பிரமாணம் அல்ல. மூன்று மாதம். அது முடிந்ததும் மறுபடி. பிறகுதான் ஆயுளுக்கும். 1925இல் கோயிலுக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை, சுமார் நாற்பது வருஷம் ஒரு சொட்டும் தொடவில்லை. 1975இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

அவர் செய்தவை சாதாரணக் காரியங்கள்தாம். வேலைக்கு முன் விடியற்காலைப் பூசை. வேலை விட்டதும், கடைக்குப் போகிற நேரத்தில் ஒரு கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிடுவது. கையில் பணம் வைத்துக்கொள்ளாமல் நடப்பது. கடனையெல்லாம் அடைப்பது. பிடில்காரரைப் பல வருஷம் தேடினார், கிடைக்கவில்லை, அந்தப் பணத்தை அவருக்காகப் பூசை வைக்கக் கொடுத்தார். திருடினவன் இனித் திருடாமல், உழைத்து இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்று பவுல் எபேசியருக்குச் சொன்னது இப்படித்தான் நடக்கும். பழைய கையை வெறுமனே கட்டி வைக்காமல் அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

நம் கொத்தனாரின் சனிக்கிழமைக்கு இதை மாற்றினால்:

1. சம்பளத்தை மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போட மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்வது. பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும் கையில் காசு.
2. வேலை முடிந்த கையோடு வயிற்றை நிரப்புவது. இரண்டு போண்டாவும் ஒரு டீயும்கூட ஆசையைப் பாதி தணிக்கும். பசித்த வயிறும் அலுத்த உடம்பும் சேர்ந்தால் தீர்மானம் தாங்காது.
3. கடை இருக்கும் தெருவை விட்டு வேறு வழி. கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை.
4. அஞ்சரைக்கு நண்பரின் போன்.
5. ஆறிலிருந்து எட்டுவரை ஓர் இடத்தில் ஒரு பொறுப்பு. பாடகர் குழுப் பயிற்சி, ஆயத்த ஜெபம், மறுநாளுக்குக் கோயில் பெருக்கி நாற்காலி போடுவது, எதுவானாலும் சரி. 'வரலாம்' என்ற இடம் போதாது. நீங்கள் போகாவிட்டால் வேலை நிற்கும் என்ற இடமாக இருக்க வேண்டும்.

ஆசை அலையாக எழும்பினால் சில நிமிஷத்தில் இறங்கிவிடும். புகையிலை ஆசையில் இதைக் கடிகாரம் வைத்தே பார்க்கலாம். அந்த நிமிஷங்களுக்கு 121ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டே வசனம். நடந்துகொண்டே மெதுவாக இரண்டு தடவை சொன்னால் அலை தாண்டிவிடும்.

கருவி நான்கு: ஈஸ்டரோடு நிறுத்தாதீர்கள்

லெந்து நாட்களில் குடியும் கறியும் தொடாதவர்கள் நம் ஊரில் ஏராளம். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களும் போய்த் திரும்பும்வரை சுத்தமாக இருப்பார்கள். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிறது. நாற்பது நாள் தொடாமல் இருந்தவர், 'என்னால் விட முடியாது' என்று இனிச் சொல்ல முடியாது. ஈஸ்டர் மதியம் பிரியாணியோடு பாட்டில் திரும்பி வருவதுதான் சிக்கல்.

2010இல் லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவரோடு இருந்தவர்களும் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே செய்யும் அளவுக்கு ஊற, சராசரி 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. பழையதை விடுவதைப் பற்றிய ஆய்வல்ல அது; ஆனாலும் பழையதன் இடத்தில் புதியதை ஊன்றுகிறவர்களுக்கு உதவும் கணக்கு. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை ஞாயிறுகளையும் சேர்த்து 46 நாள்தான். வேர் பிடிக்குமுன் நாம் பிடுங்கிவிடுகிறோம்!

திருச்சபை நாட்காட்டியிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு 49 நாள். சாம்பல் புதனில் தொடங்கிப் பெந்தெகொஸ்தே வரை போனால் 95. எனவே பொருத்தனை எடுக்கும்போதே, "பெந்தெகொஸ்தே வரை" என்று எடுங்கள். ஆவியானவர் இறங்கிய நாளில் அதைப் புதுப்பியுங்கள். லெந்து வரக் காத்திருக்கவும் வேண்டாம். தானியேல் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்றுதான் பாபிலோனில் கேட்டான். நீங்கள் இன்றிலிருந்து பத்து நாள் கேளுங்கள்.

"டாஸ்மாக்கை மூடினால் நானும் விட்டுவிடுவேன்" என்று சொல்வோருக்கு: ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1971இல் அது தளர்ந்தது, மறுபடி வந்தது, மறுபடி போனது, 2003இலிருந்து அரசே கடை நடத்துகிறது. கடையை மூடக் கேட்பது நம் உரிமை, கேட்போம். ஆனால் உங்கள் பிள்ளைகள் அதுவரை காத்திருக்க முடியாது.

விழுந்துவிட்டால்

பலர் விழுவார்கள். நீதிமான் ஏழு தடவை விழுந்தாலும் எழுந்திருப்பான் என்கிறது நீதிமொழிகள் 24. ஆபத்து முதல் கிளாஸில் இருப்பதைவிட, "கெட்டது கெட்டுப்போச்சு, இன்னிக்கு முழுசா அடிச்சிட்டு நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சில்தான் அதிகம். அந்தப் பேச்சு வந்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே வாருங்கள். பாதியில் எழுந்தாலும் அது ஜெயம்தான்.

அன்றே நண்பரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நோட்டில் புள்ளியை வையுங்கள். முந்தைய நாட்களின் வட்டங்களை அழிக்காதீர்கள், அவை நடந்தவை. வெட்கத்தில் அந்த ஞாயிறு கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மூன்று தடவை மறுதலித்த பேதுருவை இயேசு கடற்கரையில் கேட்டது 'ஏன் அப்படிச் செய்தாய்?' என்றல்ல, என்மேல் அன்பு உண்டா என்று மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் வேலை கொடுத்தார்.

வீட்டாருக்கு

'குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலக்கலாம்' என்று விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். சில மருந்துகள் உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிரே போகலாம். டாக்டர் தருவதை, குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் கையால் சாப்பிட வையுங்கள். அவருடைய ஒளிவை உங்கள் ஒளிவால் ஒழிக்க முடியாது.

அவர் வேலைக்குப் போகாததற்கு மேஸ்திரியிடம் 'காய்ச்சல்' என்று சொல்வதை நிறுத்துங்கள். குடிக்கடனை அடைக்க நகையை அடகு வைக்காதீர்கள். போதையில் இருக்கும்போது வாதாடாதீர்கள். காலையில், தெளிவில், சுருக்கமாகப் பேசுங்கள். கை ஓங்கினால் பொறுத்துக்கொள்வது சிலுவை சுமப்பது ஆகாது. பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்; 181 பெண்களுக்கான உதவி எண், 112 அவசர எண்.

சபைக்கும் ஐயருக்கும்

விட்டு இரண்டு வாரம் ஆனவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். கைதட்டு வாங்கியவர் பிறகு விழுந்தால், சொல்ல முடியாமல் மறுபடி ஒளியத் தொடங்குவார். ஒரு வருஷம் போகட்டும்.

திருவிருந்தில் புளித்த ரசம் கொடுப்பதாக இருந்தால், குடியை விட்டவர் அப்பத்தை மட்டும் பெறலாம் என்று முன்பே தனியாகச் சொல்லி வையுங்கள். அப்பத்தில் மட்டும் பெற்றாலும் அது முழு நற்கருணை என்பது கத்தோலிக்கப் போதனை. கிறிஸ்துமஸ் பவனியிலும் அசனத்திலும் பின்வாசலில் பாட்டில் நடமாடுவதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருக்காதீர்கள். சனிக்கிழமை மாலை ஒரு அறையைத் திறந்து வையுங்கள்: விளக்கு, டீ, உட்கார ஒரு மூத்தவர். பிரசங்கம் தேவையில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. விட வேண்டிய பழக்கம் ஒன்றை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.
2. தினமும் குடிப்பவரானால், வேறெதற்கும் முன் டாக்டரைப் பாருங்கள்.
3. இன்றிலிருந்து ஏழு நாள், காலை ஜெபம், மதியப் புள்ளி, இரவுப் புள்ளி. இந்த வாரம் பழக்கம் குறையாவிட்டாலும் கணக்கு மட்டும் சரியாக இருக்கட்டும்.
4. ஏழாம் நாள் நோட்டைப் பார்த்து, அதிகப் புள்ளி விழுந்த நேரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.
5. சொல்லப்போகும் ஒருவரின் பெயரைத் தீர்மானித்து, புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

ஐந்தும் முடியாவிட்டால் ஐந்தாவதை மட்டும் செய்யுங்கள். மற்ற நாலுக்கும் அவர் உங்களை விடமாட்டார்.